ரோட்டரிக்குப் புதியவரா? முதல் கூட்டத்திலிருந்து முதல் உலகத் திட்டம் வரை

ஊருக்குள் நுழையும் இடத்திலோ, பஸ் ஸ்டாண்டு நிழற்குடையிலோ பல்சக்கரம் போட்ட ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். 'ரோட்டரி சங்கம் தங்களை வரவேற்கிறது' என்று எழுதியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை கூடிப் பேசி, சாப்பிட்டுக் கலையும் வசதியானவர்களின் சங்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சேர்வதற்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே வந்த பிறகுதான், எங்கள் ஊரில் முப்பது நாற்பது பேர் எடுக்கும் ஒரு முடிவு இன்னொரு நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தையோ ஆஸ்பத்திரியையோ எப்படிப் போய்த் தொடுகிறது என்பது புரிந்தது. புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கும், சேர்ந்து ஆறு மாதமாகியும் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும் அந்த வழியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறு. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு கூடியதுதான் தொடக்கம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் அலுவலகம் என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது. தொடக்கத்தில் செய்த சேவைகளில் ஒன்று சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்ட முன்னின்றது. இன்றைக்கு உலகம் முழுவதும் சுமார் 12 லட்சம் உறுப்பினர்கள். இந்தியாவின் முதல் சங்கம் கல்கத்தாவில், 1920இல். சென்னைக்கும் கொழும்புக்கும் 1929இல் வந்தது.

சேர்வதற்கு முன்: விருந்தினராகப் போங்கள்

யாராவது கூப்பிட்டவுடன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று கூட்டங்களுக்கு விருந்தினராகப் போய் உட்காருங்கள். ஓரளவு பெரிய ஊர் என்றால் நான்கைந்து சங்கங்கள் இருக்கும். ஒன்று காலை ஏழரைக்குக் கூடும், இன்னொன்று இரவு எட்டு மணிக்கு. ஒன்றில் வியாபாரிகள் அதிகம், இன்னொன்றில் டாக்டர்களும் பேராசிரியர்களும் அதிகம். உங்கள் நேரத்துக்கும் குணத்துக்கும் எது ஒத்துவரும் என்பது போய் உட்கார்ந்தால்தான் தெரியும். பெண்கள் தயங்க வேண்டியதில்லை. 1989 வரை ஆண்கள் மட்டும் என்று விதி இருந்தது உண்மை. அது போய்ப் பல காலம் ஆகிறது, இன்று பல சங்கங்களைப் பெண்கள்தான் நடத்துகிறார்கள்.

அங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் முடித்த ஒரு திட்டத்தை எனக்குக் காட்ட முடியுமா?" இந்த வருடத் திட்டத்தைக் காட்டுவது எல்லோருக்கும் எளிது. ரிப்பன் வெட்டிய படம் போனிலேயே இருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய திட்டத்துக்கு உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டும் சங்கம் என்றால், தாராளமாகச் சேரலாம்.

பணத்தையும் கூச்சப்படாமல் கேளுங்கள். உலகத் தலைமையகத்துக்கு ஜூலையிலும் ஜனவரியிலும் கட்டும் சந்தா, மாவட்டச் சந்தா (பல சங்கங்களைச் சேர்த்து ரோட்டரி வகுத்த பகுதிதான் இங்கே 'மாவட்டம்', அரசு மாவட்டம் அல்ல), சங்கத்தின் சொந்தச் சந்தா, கூட்டத்துச் சாப்பாட்டுச் செலவு என்று நான்கு உண்டு. நான்கையும் கூட்டி ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று செயலாளரிடம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதியில் விலகுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கு முன்னாலேயே தெரியாமல் சேர்ந்தவர்கள்தான்.

ரோட்டரி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். தலைவரில் தொடங்கி மாவட்ட ஆளுநர் வரை எல்லோரும் ஒரு வருடம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

முதல் வேலை: சொட்டு மருந்து பூத்

சேர்ந்த புதிதில் கமிட்டி, பதவி என்று எதையும் தேட வேண்டாம். அரசு போலியோ முகாம் அறிவிக்கும் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு பூத்தில் போய் நில்லுங்கள். ரோட்டரி உலக அளவில் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிட நன்றாக வேறு எதுவும் சொல்லித் தராது.

முதல் தடவை என்னிடம் கொடுத்த வேலை, விரலில் மை வைப்பது. குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலை மெதுவாகப் பிரித்து, நகத்திலும் பக்கத்துத் தோலிலும் படும்படி வைக்க வேண்டும். கை பிடிபடுவதற்குள் பத்துக் குழந்தைகளாவது அழுதிருப்பார்கள். பக்கத்தில் இருந்த செவிலியர் ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து லேபிளைக் காட்டினார். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. வெப்பம் பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து நம் ஊர் பஸ் ஸ்டாண்டு வரை அந்த மருந்து குளிர்ச்சி கெடாமல் வந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சதுரம்தான் சாட்சி.

"போன தடவையே போட்டாச்சே தம்பி, மறுபடியும் எதுக்கு?" என்று பேரனை இடுப்பில் வைத்திருந்த ஒரு பாட்டி கேட்டார். "எத்தனை தடவை போட்டாலும் நல்லதுதான் பாட்டி, ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாள்ல போட்டாத்தான் கிருமிக்குப் போக இடம் இருக்காது" என்றார் செவிலியர். நான் நாலு பக்கம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இந்த வேலை 1979இல் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. அறுபது லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க ரோட்டரி பொறுப்பேற்றது. அது பலித்ததைப் பார்த்து 1985இல் 'போலியோ பிளஸ்' என்று உலகத் திட்டமாக விரித்தார்கள். 1988இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. அப்போது ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேரை, 125 நாடுகளில், போலியோ முடக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் மட்டும் 2009இல் 741 பேர். அந்த ஆண்டு உலகிலேயே நம் நாட்டில்தான் அதிகம். நம் நாட்டின் கடைசி நோயாளி, மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தை, 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவும் அடங்கிய, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதியே போலியோ அற்றது என்று சான்று வந்தது. இப்போது ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும்தான் அந்தக் கிருமி ஒழியாமல் இருக்கிறது. அது ஒழியும்வரை இங்கேயும் கவனமாக இருக்க வேண்டும்.

இலங்கை வாசகர்களுக்கு இதில் இன்னொரு நினைவும் இருக்கும். போர் நடந்த காலத்தில், தேசியத் தடுப்பு மருந்து நாட்களில் குழந்தைகளுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க வேண்டும் என்று யுனிசெஃபோடு சேர்ந்து பேச்சு நடத்தியதில் இலங்கை ரோட்டரிக்குப் பங்கு உண்டு. அந்தப் பணிக்குத் தலைமை ஏற்ற கே.ஆர். ரவீந்திரன் பின்னாளில், 2015–16இல், உலக ரோட்டரியின் தலைவரானார். எனக்கு இந்தச் சங்கத்தின் மேல் இருக்கும் மதிப்பில் பெரும் பகுதி இந்த ஒரு செய்தியால் வந்தது.

பணம் எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது

சங்கம் வேறு, ரோட்டரி ஃபவுண்டேஷன் வேறு. சங்கச் சந்தா சங்கத்தை நடத்த. உலகத் திட்டங்களுக்கு ஃபவுண்டேஷன். 1917இல் அட்லாண்டா மாநாட்டில் ஆர்ச் கிளம்ப் என்ற தலைவர், உலகத்தில் நல்லது செய்ய ஒரு நிதி வேண்டும் என்றார். முதலில் வந்த தொகை 26 டாலர் 50 சென்ட். கன்சாஸ் சிட்டி சங்கம் அனுப்பியது. சிறிய தொகையை வெட்கப்பட்டு மறைக்கிற புது உறுப்பினர்களிடம் நான் எப்போதும் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

இன்றைய ஏற்பாடு இப்படி. ஆண்டு நிதிக்கு நீங்கள் கொடுக்கும் பணம் மூன்று வருடம் முதலீட்டில் இருக்கும். அந்த வருமானத்தில் நிர்வாகச் செலவு பார்த்துக்கொள்வார்கள். மூன்று வருடம் கழித்து ஏறத்தாழ பாதி உங்கள் மாவட்டத்துக்கே திரும்பி வரும். மறுபாதி உலக நிதிக்குப் போகும். அதனால் இந்த வருடம் நீங்கள் கொடுப்பது மூன்று வருடம் கழித்து வரப்போகும் தலைவருக்கு. இதைப் புரிந்துகொண்டால், 'நாம் கொடுத்தோமே, என்ன ஆச்சு?' என்ற கேள்வி எழாது. போலியோவுக்கென்று தனியாகக் கொடுத்தால், ஒவ்வொரு டாலருக்கும் கேட்ஸ் அறக்கட்டளை இரண்டு டாலர் சேர்க்கிறது. ரோட்டரி திரட்டும் ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை இந்த ஏற்பாடு. இந்தியாவில் ஃபவுண்டேஷனுக்குக் கொடுப்பதற்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆயிரம் டாலர் சேர்த்தவர்களுக்கு 'பால் ஹாரிஸ் ஃபெலோ' என்ற பட்டம் தருவார்கள். சட்டையில் குத்தும் ஊசி அழகாக இருக்கும். முதல் வருடமே அதற்காகக் கஷ்டப்பட வேண்டாம். மாதம் ஐநூறு ரூபாய் ஒழுங்காகக் கொடுங்கள், போதும்.

கேட்ட பிறகு செய்யுங்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம், எங்கள் சங்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆர்ஓ குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தது. நல்ல கம்பெனி இயந்திரம். திறப்பு விழா, சால்வை, மாலை, எல்லாம் நடந்தது. எட்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். இயந்திரத்தின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. ஃபில்டர் அடைத்துக்கொண்டதாம்; மாற்றப் பள்ளியிடம் காசு இல்லை; எங்களிடம் கேட்க அவர்களுக்குக் கூச்சம். தலைமை ஆசிரியை ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். நல்ல தண்ணீர். "எங்க ஊரு தண்ணி எப்பவுமே நல்லாத்தான் இருக்கும் சார். பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம்லதான் தண்ணி ஏறாது. மத்தியானத்துக்கு மேல லீவு சொல்லிட்டுப் போயிடுதுங்க. நீங்க யாரும் கேக்கலையே" என்றார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. கழிப்பறைக்கு ஒரு மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வைக்க, ஆர்ஓவுக்கு ஆனதில் பாதிகூட ஆகியிருக்காது. அந்தப் பிள்ளைகள் எட்டு மாதம் முழுப் படிப்பையும் படித்திருப்பார்கள்.

அதனால் திட்டம் என்று நினைத்தவுடன் விலைப்பட்டியல் வாங்கப் போகாதீர்கள். முதலில் போய்க் கேளுங்கள். வேலை நாளில், பதினொரு மணிக்குப் போங்கள். விழா நாளில் போனால் உண்மை தெரியாது. தலைமை ஆசிரியரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் சத்துணவு அமைப்பாளரிடமும், கூட்டித் துடைக்கும் அம்மாவிடமும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடமும் கேளுங்கள். மாணவிகளிடம் பேச சங்கத்துப் பெண் உறுப்பினர் ஒருவர் தனியாகப் போகட்டும். கேட்க வேண்டியவை சில: இங்கே ஏற்கெனவே யாராவது கொடுத்து ஓடாமல் கிடப்பது எது? கரண்டு பில் யார் கட்டுவார்கள்? பழுதானால் யாரைக் கூப்பிடுவீர்கள், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? நாங்கள் வராமலே போனால் இதை நீங்களாக எப்படிச் சமாளிப்பீர்கள்?

பதில்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ரோட்டரியில் இதற்கு 'சமூகத் தேவை மதிப்பீடு' என்று பெயர். அடுத்த பகுதியில் சொல்லப்போகும் குளோபல் கிராண்ட் என்ற பெரிய உதவித்தொகைக்கு இது கட்டாயம், இல்லாமல் விண்ணப்பமே நகராது. சிறிய திட்டத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் செய்யுங்கள்.

வெளிநாட்டுச் சங்கத்தோடு கை கோர்ப்பது

இரண்டு வகை உதவித்தொகை உண்டு. டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் சிறியது. மாவட்டமே முடிவு செய்யும். பள்ளிக்கு நூலக அலமாரி, மருத்துவ முகாம், ஏழை மாணவருக்குக் கட்டணம் போன்றவற்றுக்கு அது போதும். புதியவர்கள் இதில் தொடங்குவதுதான் நல்லது.

குளோபல் கிராண்ட் பெரியது. திட்டச் செலவு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், அதாவது 25 லட்சம் ரூபாய்க்கு மேல். இரண்டு சங்கங்கள் சேர வேண்டும்: திட்டம் நடக்கும் நாட்டில் ஒன்று, வெளிநாட்டில் ஒன்று. அமைதி, நோய்த் தடுப்பு, தண்ணீரும் சுகாதாரமும், தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வி, உள்ளூர்ப் பொருளாதாரம், சுற்றுச்சூழல் என்ற ஏழில் ஒன்றுக்குள் திட்டம் அடங்க வேண்டும். இரண்டு சங்கமும் பயிற்சி முடித்துத் தகுதி பெற்றிருக்க வேண்டும். சங்கங்கள் போடும் பணம், மாவட்டங்களின் பங்கு, அதற்கு மேல் உலக நிதி என்று தொகை சேரும். வேலையைத் தொடங்கிவிட்டு அப்புறம் பணம் கேட்டால் கிடைக்காது, இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு அறிக்கை, முடிந்ததும் இரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கை.

இந்தியாவில், வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நண்பர் யாராவது, "நேராக உங்கள் சங்கக் கணக்கில் போட்டுவிடுகிறேன்" என்று அன்போடு சொன்னால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஃபவுண்டேஷன் வழியாக, முறையான கணக்கில்தான் வர வேண்டும்.

துணைச் சங்கத்தை எங்கே பிடிப்பது? புது ஆட்களுக்கு மலைப்பாகத் தெரிவது இதுதான், ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ லண்டனிலோ உங்கள் கல்லூரித் தோழர் ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். அவர் ரோட்டரியில் இருக்க வேண்டியதில்லை. அவர் ஊர்ச் சங்கத்தின் கூட்டம் எங்கே, எப்போது என்று கேட்டுச் சொன்னால் போதும். அந்தச் சங்கத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: இந்த இடம், இந்தப் பிரச்சினை, நாங்கள் கேட்டறிந்தது இது, எங்கள் பங்கு இவ்வளவு, நீங்கள் ஒருமுறை வீடியோவில் எங்களோடும் ஊர்க்காரர்களோடும் பேச முடியுமா? முதல் கடிதத்தில் பணம் கேட்காதீர்கள்.

பாதை எதிர்த்திசையிலும் உண்டு. ஆப்பிரிக்காவிலோ நேபாளத்திலோ ஒரு சங்கம் தன் ஊர்த் திட்டத்துக்குத் துணை தேடும்போது, நம் சங்கம் அந்த வெளிநாட்டுத் துணையாக இருக்கலாம். வாங்குவது மட்டும் நம் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஹெல்ஸ்டன்–லிசர்டு என்ற சிறு ஊர்ச் சங்கம் 2000இல் ஒரு யோசனை செய்தது: வீடிழந்த குடும்பத்துக்குக் கூடாரம் முதல் சமையல் சாமான் வரை ஒரே பெட்டியில் அனுப்புவது. பெயர் ஷெல்டர்பாக்ஸ். முதல் தொகுப்பு, 143 பெட்டிகள், வந்தது எங்கே தெரியுமா? 2001 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு நம் குஜராத்துக்கு.

கல்விப் பக்கம்

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதிகம் கேட்கப்படுவது இது. முதுகலை வெளிநாட்டில் படிக்க குளோபல் கிராண்ட் உதவித்தொகை உண்டு. மேலே சொன்ன ஏழு துறைகளில் ஒன்றில் படிப்பு இருக்க வேண்டும், பல்கலைக்கழக இடம் உறுதியாகியிருக்க வேண்டும், இரு நாட்டுச் சங்கங்களும் பரிந்துரைக்க வேண்டும். ரோட்டரி உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இது கிடையாது. அது நியாயமான விதி. உங்கள் கடையில் வேலை செய்பவரின் மகளுக்கோ, நீங்கள் படித்த அரசுக் கல்லூரி மாணவருக்கோ வழி காட்டுங்கள். விவரம் தெரியாமலே தகுதியுள்ள பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். போர், பிளவு, சமரசம் பற்றிப் படிப்பவர்களுக்கு ஸ்வீடனின் உப்சாலா, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு, உகாண்டாவின் மேக்கரேரே போன்ற பல்கலைக்கழகங்களில் ரோட்டரி அமைதி மையங்கள் இருக்கின்றன.

பள்ளி மட்டத்தில், இந்தியச் சங்கங்கள் 'ஹேப்பி ஸ்கூல்' என்று ஒரு திட்டம் செய்கின்றன. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், நூலகம், விளையாட்டுப் பொருள், பெஞ்சு, சுத்தமான வளாகம் என்று ஒரு பள்ளியை முழுதாக எடுத்துச் சரி செய்வது. ஐந்து பள்ளிக்கு ஒவ்வொரு பொருள் கொடுப்பதைவிட இது எனக்குப் பிடிக்கும்.

சங்கத்தில் சேர நேரமோ காசோ இல்லாத இளைஞர் என்றால் ரோட்டராக்ட் இருக்கிறது, 18 வயதிலிருந்து. பள்ளிப் பிள்ளைகளுக்கு இண்டராக்ட், 12 முதல் 18 வரை. 1962இல் ஃப்ளோரிடாவின் மெல்போர்ன் ஊரில் முதல் இண்டராக்ட் சங்கம் தொடங்கியது. இரண்டாவது நம் தஞ்சாவூரில்.

ஜூன் மாதத்தில் செய்ய வேண்டியது

தலைவர் ஒரு வருடம்தான் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? ஆர்ஓ மேல் சாக்கு விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். புதுத் தலைவர் புதுத் திட்டம் தொடங்குவார், பழையதைப் பார்க்க ஆள் இருக்காது. பதவி எதுவும் இல்லாத புது உறுப்பினர் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு சாதாரண ஃபைல் போதும். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தாள்: இடம், பொறுப்பாளர் போன் நம்பர், சர்வீஸ் செய்பவர் நம்பர், வாரண்டி முடியும் தேதி, கடைசியாக நேரில் பார்த்த தேதி. ஜூன் கடைசி வாரம் அதைப் புதுத் தலைவரிடம் கொடுத்து, முதல் போர்டு மீட்டிங்கிலேயே படிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஃபைலில் முதல் தாள் அந்தப் பள்ளிதான். மறு வருடம் தொட்டியும் மோட்டாரும் வைத்தோம், திறப்பு விழா இல்லாமல். 'கடைசியாக நேரில் பார்த்த தேதி' என்ற இடத்தில் இப்போது பதினான்கு தேதிகள் இருக்கின்றன, ஆறு பேர் கையெழுத்தில்.